படையினரின் ஓய்வுக்காலமும் தோட்டத் தொழிலாளரின் ஓய்வுக்காலமும்

ஏப்ரல் மாதத்தில் நுவரெலியாவுக்குச் செல்வோர் குதிரைப் பந்தயத்தையும் மலர்க் கண்காட்சியையும் கிரகரி வாவியையும் கண்டுகளித்துத் திரும்புகின்றனர். அந்நகர் எதற்காகத் தோற்றுவிக்கப்பட்டது என்பதை அறிந்தோர் அவர்களுள் மிகச் சிலரேயாவர். 1820களின் பிற்பகுதியில் ஆளுநராகவிருந்த சேர் எட்வர்ட் பான்ஸ், தாழ்நிலத்தின் வெப்பத்தாலும் காய்ச்சலாலும் நலிவுற்ற பிரித்தானியப் படையினர் உடல் தேறுவதற்கென அமைத்த ஆரோக்கிய நிலையமே இன்றைய நுவரெலியாவின் தொடக்கமாகும். பான்ஸ் தாமும் வாட்டர்லூ போர்க்களத்தில் காயமுற்ற இராணுவ அதிகாரி என்பதால், உழைத்துத் தளர்ந்த படைவீரனுக்கு இளைப்பாற ஓரிடம் வேண்டும் என்பதை எவரும் அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தளர்ந்த படைவீரனுக்கு ஓய்விடம் தேடியதால் பிறந்த அந்நகரைச் சூழ்ந்துள்ள மலைகளில், முதலில் கோப்பியும் பின்னர் தேயிலையும் பயிரிடப்பட்டன. அப்பயிர்களுக்காக உழைத்துத் தளர்ந்தவர்களுக்கு எவ்வித ஓய்வு ஏற்பாடு செய்யப்பட்டது என்ற வினாவை எழுப்புவதற்காகவே நாம் இதனை இங்கு நினைவூட்டுகின்றோம். ஓய்வுபெற்ற படையினரின் நலன்களைக் கவனிப்பதற்கெனப் பல நாடுகள் தனி அமைச்சுகளையே வைத்திருக்கின்றன. அவை எக்கொள்கையின் மீது எழுந்தவை என்பதை விளங்கிக்கொண்டால், ஹட்டனிலும் தலவாக்கலையிலும் நோர்வூட்டிலும் பெயர் கழிக்கப்பட்டு லயத்தில் குந்தியிருக்கும் முதிய தொழிலாளி எதனை இழந்து நிற்கிறார் என்பதும் தெளிவாகும்.

போரில் பட்டவனின் குடும்பத்தைப் பேணுவது ஆட்சியின் கடன் என்ற எண்ணம் மிகப் பழையது. தமிழகத்தில் போரில் மாண்ட வீரனுக்கு நடுகல் நட்டதோடு நில்லாது, அவன் சுற்றத்தார் வாழ்வதற்கு நிலமும் விடப்பட்டது. அந்நிலத்தை உதிரப்பட்டி என்று கல்வெட்டுகள் குறிப்பிடுகின்றன. இஸ்லாமிய வரலாற்றில் இரண்டாவது கலீபாவான உமர் அவர்கள் ஏற்படுத்திய திவான் என்னும் பதிவேட்டில் போர் வீரர்களின் பெயர்களும் அவர்தம் குடும்பத்தாரின் பெயர்களும் எழுதப்பட்டு, பொதுத் திறைசேரியிலிருந்து ஒழுங்காகக் கொடுப்பனவு வழங்கப்பட்டது. ஐரோப்பாவில் பிரெஞ்சு மன்னன் பதினான்காம் லூயி 1670 இலும், இங்கிலாந்து மன்னன் இரண்டாம் சார்ள்ஸ் 1682 இலும் அங்கவீனமுற்ற படைவீரருக்கான இல்லங்களை நிறுவினர்.

எனினும் தனி அமைச்சு என்ற நிலைக்கு இவ்வெண்ணம் வளர்ந்தது இருபதாம் நூற்றாண்டிலேயாகும். இலட்சக்கணக்கானோரைப் போர்முனைக்கு அனுப்பிய அரசுகள், போர் முடிந்ததும் அவர்களை மறந்துவிட முயன்றபோது அவர்களே வீதிக்கு வந்து நினைவூட்டினர். அமெரிக்காவில் முதலாம் உலகப் போரில் பங்குபற்றிய முன்னாள் படையினர், தமக்கு வாக்களிக்கப்பட்ட கொடுப்பனவை முற்கூட்டியே வழங்குமாறு கோரி 1932 ஆம் ஆண்டு வொஷிங்டனில் ஆயிரக்கணக்கில் கூடாரமடித்துத் தங்கினர். அதே நாட்டின் இராணுவமே அவர்களை விரட்டியடித்தது. அந்த அவமானம் அமெரிக்க அரசியலில் நெடுங்காலம் உறுத்திக்கொண்டிருந்தது. 1944 இல் இரண்டாம் உலகப் போர் முடியுமுன்னரே, திரும்பிவரும் படையினரின் கல்விக்கும் வீட்டுக் கடனுக்கும் அங்கு சட்டம் இயற்றப்பட்டமைக்கு 1932 இன் அனுபவமும் ஒரு காரணமாகும். 1930 இல் அமைக்கப்பட்ட முன்னாள் படையினர் நிர்வாகம் 1989 இல் அமைச்சரவைத் தகுதி பெற்றது. அவுஸ்திரேலியா 1918 இலும் கனடா 1944 இலும் இதற்கெனத் தனித் திணைக்களங்களை அமைத்தன. பங்களாதேஷில் விடுதலைப் போர் விவகார அமைச்சு 2001 இல் தோன்றியது. இந்தியாவில் பாதுகாப்பு அமைச்சின் கீழ் முன்னாள் படையினர் நலத்துறை 2004 இல் உருவாக்கப்பட்டது. தென்கொரியா தனது முன்னாள் படையினர் முகவரகத்தை 2023 இல் முழு அமைச்சாகவே தரமுயர்த்தியது.

பெயர்கள் வேறாயினும் இவற்றின் அடிப்படை ஒன்றேயாகும். படைவீரனுக்கு வழங்கப்படுவது தர்மம் அன்று. அவன் ஏற்கனவே தன் உடலால் செலுத்திவிட்ட விலைக்கான ஈடு. அக்கடன் ஒரே தடவையில் ஒரு தொகையைக் கையில் கொடுத்து அடைத்துவிடக்கூடியதன்று. அவன் உயிருள்ளவரையும், அவனுக்குப் பின் அவன் துணைவி உயிருள்ளவரையும் தொடர்வது. இவையனைத்துக்கும் மேலாக, அவன் ஓய்வூதியத்துக்கு ஓர் அலுவலகம், மருத்துவத்துக்கு இன்னோர் அலுவலகம், வீட்டுக்கு வேறோர் அலுவலகம் என்று அலைய வேண்டியதில்லை. அவன் தட்டுவதற்கு ஒரே கதவு இருக்கும். அந்தக் கதவுக்குப் பொறுப்பான ஒருவர் பாராளுமன்றத்தில் எழுந்து பதிலளிக்க வேண்டியிருக்கும்.

இலங்கையில் இதற்கெனத் தனி அமைச்சு கிடையாது. 1999 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் ரணவிரு சேவா அதிகாரசபை அமைக்கப்பட்டது. போரில் உயிரிழந்த, காணாமற்போன, அங்கவீனமுற்ற முப்படையினரதும் பொலிஸாரினதும் குடும்பங்களின் நலனைப் பேணுவதும் புனர்வாழ்வளிப்பதும் அதன் பணிகளாகும். படையினருக்கான வீடமைப்பு நோக்கத்துடன் 'அபி வெனுவென் அபி' நிதியம் 2008 இல் சட்டமாக்கப்பட்டது. ராகமையிலும் அநுராதபுரத்திலும் ஏனைய சில இடங்களிலும் அங்கவீனமுற்ற படையினருக்கான புனர்வாழ்வு இல்லங்கள் உள்ளன.

அப்போர் குறித்துத் தமிழ் பேசும் மக்களின் நினைவுகள் வேறு. அதே போரில் கணவனையும் பிள்ளைகளையும் இழந்த வடக்கு கிழக்குக் குடும்பங்களுக்கென 2018 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட இழப்பீட்டு அலுவலகத்தின் வேகத்தையும் ரணவிரு அதிகாரசபையின் வேகத்தையும் ஒப்பிட்டு எழுதப் புகுந்தால் அதுவே தனிக் கட்டுரையாக நீளும். ஆகவே இங்கு அதனுள் நாம் புகவில்லை. நாம் கவனிக்க விரும்புவது, அரசு ஒரு தரப்பாரைத் தன் பொறுப்பு என ஏற்றுக்கொண்டால் எத்தகைய ஏற்பாடுகளைச் செய்ய அதனால் இயலும் என்பதையே ஆகும்.

அவ்வேற்பாட்டிலும் ஓட்டைகள் இல்லாமலில்லை. 12 ஆண்டுச் சேவையை நிறைவு செய்வதற்கு முன்னரே காயமுற்று விலக நேர்ந்த படையினர், தமக்கும் ஓய்வூதிய உரிமை வேண்டுமெனக் கோரி 2017 ஆம் ஆண்டிலும் அதன் பின்னரும் கொழும்பு கோட்டையில் போராட வேண்டியிருந்தது. காலை இழந்தவன் தனது சேவைக்காலத்தை எண்ணிப் பார்த்துக்கொண்டா கண்ணிவெடியில் கால் வைத்தான் என்ற அவர்களது நியாயத்தைப் பொதுமக்களில் பெரும்பாலானோர் ஏற்றுக்கொண்டனர்.

படைக்கும் மலையகத் தோட்டங்களுக்கும் இடையே நம்மில் பலர் மறந்துவிட்ட ஒரு தொடர்பும் உண்டு. பிரித்தானியரின் இலங்கைத் துப்பாக்கிப் படையணியில் பெரும்பான்மையினராக இருந்தோர் மலாய் முஸ்லிம்களாவர். 1873 இல் அப்படையணி கலைக்கப்பட்டபோது பலர் பொலிஸ் சேவைக்குச் சென்றனர். மேலும் பலர் மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களில் மேற்பார்வையாளர்களாகப் பணி தேடினர். வரலாற்றாசிரியர் பீ. ஏ. ஹுசைன்மியா 'ஒராங் ரெஜிமென்' என்னும் தமது நூலில் இச்சமூகத்தின் வரலாற்றை விரிவாக எழுதியுள்ளார். மலைநாட்டு நகரங்களில் இன்றும் வாழும் மலாய்க் குடும்பங்கள் சிலவற்றின் முன்னோர், அவ்வாறு துப்பாக்கியை வைத்துவிட்டுத் தோட்டக் கணக்கைக் கையிலெடுத்தவர்களேயாவர். படையினருக்கென ஓர் அமைச்சோ அதிகாரசபையோ இல்லாத அக்காலத்தில் தோட்டமே அவர்களுக்குப் புகலிடமாயிற்று.

ஆனால் தோட்டத்தில் உழைத்த தமிழ்த் தொழிலாளருக்கு எதிர்த்திசையில் செல்லும் பாதை அடைக்கப்பட்டிருந்தது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. 1964 இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைப் பண்டம்போல் பங்கிட்டு, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் ஒதுக்கி, எஞ்சிய 150,000 பேரின் விதியைப் பின்னொரு நாளுக்கென ஒத்திவைத்தது. பிரஜாவுரிமைப் பிரச்சினைக்கு இறுதித் தீர்வாக அமைந்த சட்டம் 2003 ஆம் ஆண்டிலேயே நிறைவேற்றப்பட்டது. பிரஜையல்லாதவர் அரச சேவையிலோ படையிலோ சேர முடியாது. எனவே அரசு ஓய்வூதியம் வழங்கும் எந்தவொரு சேவையின் வாயிலும் இரண்டு தலைமுறைக்கு மேலாக இம்மக்களில் பெரும்பாலானோருக்கு மூடப்பட்டிருந்தது. மாதாந்த ஓய்வூதியம் பெறும் ஒருவரையேனும் தன் லயத்தில் காணாது வளர்ந்த பிள்ளைகள் மலையகத்தில் எத்தனை ஆயிரம் பேர் என்பதை இவ்விடத்தில் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அவ்வாறாயின் தோட்டத் தொழிலாளிக்கு ஓய்வின்போது கிடைப்பது என்ன? சட்டத்தின்படி மூன்று கொடுப்பனவுகள் உள்ளன. முதலாவது, 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழான ஊழியர் சேமலாப நிதி. இதற்குத் தொழிலாளி சம்பளத்தில் 8 வீதத்தையும் தொழில்கொள்வோர் 12 வீதத்தையும் செலுத்த வேண்டும். இரண்டாவது, 1980 இல் ஆரம்பிக்கப்பட்ட ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியம். இதற்குத் தொழில்கொள்வோர் மட்டும் 3 வீதம் செலுத்துகின்றனர். மூன்றாவது, 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழான பணிக்கொடை. இதனைத் தோட்டங்களில் சேவைக்காலப் பணம் என்பர். இம்மூன்றுமே ஒரே தடவையில் கையில் கொடுக்கப்படும் தொகைகள். மாதாந்தம் வருவது எதுவுமில்லை.

இவற்றுள் பணிக்கொடையின் கணக்கைச் சற்று விரிவாகப் பார்ப்பது அவசியம். ஏனெனில் அநீதி ஒளிந்திருக்கும் இடம் அதுவேயாகும். மாதச் சம்பளம் பெறுபவருக்கு ஒவ்வொரு சேவை ஆண்டுக்கும் அரை மாதச் சம்பளம். நாட்சம்பளம் பெறுபவருக்கு ஒவ்வோர் ஆண்டுக்கும் 14 நாட்களின் சம்பளம். கணக்கிடப்படுவது இறுதியாகப் பெற்ற சம்பளத்தைக் கொண்டேயாகும். 40 ஆண்டுகள் கொழுந்து பறித்த ஒரு பெண் 2015 இல் ஓய்வு பெற்றிருந்தால், அன்று கூட்டு ஒப்பந்தத்தின்படி அடிப்படை நாட்சம்பளம் 450 ரூபா. அதன்படி அவருக்குரியது 252,000 ரூபா. 700 ரூபா அடிப்படைச் சம்பளமாக இருந்த 2019 இல் அவரது தங்கை அதே சேவைக்காலத்துடன் ஓய்வு பெற்றிருந்தால் 392,000 ரூபா. 2021 இல் சம்பள நிர்ணய சபையின் ஊடாக நாட்சம்பளம் 1,000 ரூபாவான பின்னர் பெயர் கழிக்கப்பட்டவருக்கு 560,000 ரூபா. 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாக உயர்த்தப்பட்டதன் பின்னர் சென்றவருக்கு 756,000 ரூபா. ஒரே மலை, ஒரே கூடை, ஒரே 40 ஆண்டுகள். எந்த ஆண்டில் வயது நிரம்பியது என்பதொன்றே வேறுபாடு. ஆனால் தொகை மூன்று மடங்காகிறது.

சம்பளப் போராட்டம் நடைபெறும்போதெல்லாம் அது நாளாந்தச் செலவுக்கான போராட்டமாகவே பேசப்படுகிறது. உண்மையில் அது ஓய்வுக்காலத்துக்கான போராட்டமும் ஆகும். 2015 இல் காலாவதியான கூட்டு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் 18 மாதங்கள் இழுபட்டதே, அந்த 18 மாதங்களில் ஓய்வு பெற்றோர் தாம் வாழ்நாள் முழுவதும் உழைத்த உழைப்பின் விலை பழைய 450 ரூபாவிலேயே கணக்கிடப்பட்ட நிலையில் வீடு சென்றனர். வருகைக் கொடுப்பனவு, உற்பத்தி ஊக்குவிப்பு எனப் பல பெயர்களில் தொகைகள் சேர்க்கப்பட்டு மொத்தச் சம்பளம் பெரிதாகக் காட்டப்பட்டபோதும் அடிப்படைச் சம்பளம் சிறிதாகவே வைக்கப்பட்டமையின் நோக்கத்தையும் இக்கணக்கிலிருந்து வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். தொழிற்சங்கத் தலைவர்கள் மேடையில் மொத்தத் தொகையை முழங்கினர். கம்பனிகளின் கணக்காளர்கள் அடிப்படைத் தொகையையே பார்த்தனர்.

இந்தியாவின் முன்னாள் படையினர் இதையொத்த ஒரு முரண்பாட்டை எதிர்த்தே போராடினர். ஒரே பதவியில் ஒரே காலம் பணியாற்றிய இருவரில், முன்னர் ஓய்வு பெற்றவருக்குக் குறைவாகவும் பின்னர் ஓய்வு பெற்றவருக்கு அதிகமாகவும் ஓய்வூதியம் கிடைப்பது எவ்வகையில் நியாயம் என அவர்கள் கேட்டனர். 2015 ஜூன் மாதம் முதல் டில்லி ஜந்தர் மந்தரில் பதக்கங்களை அணிந்தவாறே அமர்ந்து அவர்கள் நடத்திய போராட்டத்தின் பின்னர், 'ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்' என்னும் கோட்பாட்டை அரசு ஏற்று, 2014 ஜூலை 1 முதல் அமுலுக்கு வரும் வகையில் அறிவித்தது. ஐந்து ஆண்டுகளுக்கொரு தடவை மீளக் கணக்கிடுவதாகவும் உறுதியளித்தது. ஓய்வு பெற்ற திகதி என்பது ஒருவரின் உழைப்பின் மதிப்பைத் தீர்மானிக்கலாகாது என்பதே அதன் சாரம். இக்கோட்பாட்டை நம் மலையகத்தில் ஒருவரேனும் உரத்துச் சொன்னதாக நமக்கு நினைவில்லை.

கைக்கு வரும் தொகையும் நிலைப்பதில்லை. மகளின் திருமணம், மகனின் வெளிநாட்டுப் பயணம், கூரைத் தகடு, நகை அடகு, கடைக் கடன் என வந்த வேகத்திலேயே அது கரைந்துவிடுகிறது. கரையாமல் வங்கியில் வைத்தவர்களின் கதையும் மகிழ்ச்சிக்குரியதன்று. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 70 வீதத்தை அண்மித்தபோது, ஓய்வூதியம் பெறுவோருக்கு அடுத்த மாதமும் ஒரு தொகை வரும் என்ற உறுதியாவது இருந்தது. ஒரே தடவையில் வாங்கி வைத்தவரின் பணம் கண்ணெதிரே பாதியாயிற்று.

அத்தொகையைப் பெறுவதற்கே படும் பாட்டை ஹட்டன், நுவரெலியா நகரங்களுக்குத் தோட்டங்களிலிருந்து பஸ் ஏறி வருவோரிடம் கேட்டறியலாம். செக்ரோலில் ஒரு பெயர், தேசிய அடையாள அட்டையில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் இன்னொரு பெயர். தமிழ்ப் பெயரைக் காதால் கேட்டு ஆங்கிலத்தில் எழுதிய ஒரு கிளார்க்கரின் எழுத்துப் பிழை, 40 ஆண்டுகளின் பின்னர் ஒரு முதியவளைச் சத்தியக் கடதாசிக்காக அலைக்கழிக்கிறது. தோட்ட நிர்வாகங்கள் கைமாறிய காலங்களின் பதிவுகள் சில இடங்களில் கிடைப்பதுமில்லை. அரசுக்குச் சொந்தமான பெருந்தோட்ட நிறுவனங்களே சேமலாப நிதியையும் பணிக்கொடையையும் உரிய காலத்தில் செலுத்தாது நிலுவை வைத்தமை பாராளுமன்றத்தில் பல தடவைகள் பேசப்பட்ட விடயமாகும். பணிக்கொடை 30 நாட்களுக்குள் வழங்கப்பட வேண்டும் என்று கூறும் சட்டத்தை இயற்றிய அரசின் நிறுவனங்களைப் பற்றியே இதனைக் கூற வேண்டியிருப்பது வேதனைக்குரியது.

ஓய்வு பெற்ற படைவீரன் முகாமை விட்டுத் தன் வீட்டுக்குச் செல்கிறான். ஓய்வு பெற்ற தோட்டத் தொழிலாளி செல்வதற்கு வீடு எது? அவர் வாழும் லயத்து அறை வேலையுடன் பிணைக்கப்பட்டது. குடும்பத்தில் ஒருவரேனும் தோட்டத்தில் பெயர் பதிந்து வேலை செய்யும்வரை அது குறித்து எவரும் பேசமாட்டார்கள். பிள்ளைகள் கொழும்பில் கடைகளுக்கும் வீட்டு வேலைகளுக்கும் சென்றுவிட்டால், அந்த 10 அடிக்கு 12 அடி அறையில் முதியவர் இருப்பது உரிமையாலன்று, கண்டும் காணாதிருக்கும் ஒருவரின் தயவாலேயே ஆகும். 1992 இல் தோட்டங்கள் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டபோது இருந்த தொழிலாளர் எண்ணிக்கையில் பாதியளவேனும் இன்று தோட்டத்தில் பெயர் பதிந்தவர்களாக இல்லை. இளையோர் வெளியேற, லயங்களில் எஞ்சுவோர் முதியோரே. 7 பேர்ச் காணியில் தனி வீடு என்ற திட்டமும், 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி மேலதிகமாக அறிவித்த 10,000 வீடுகளும் வரவேற்கத்தக்கவையே. ஆயினும் தேவையுடன் ஒப்பிட்டால் அவை யானைப் பசிக்குச் சோளப்பொரியாகவே உள்ளன. 2025 நவம்பரில் டித்வா சூறாவளியின்போது மலைகள் சரிந்த வேளையில், காணி உறுதி எதுவுமற்ற இம்முதியோர் எவ்வீட்டின் உரிமையாளராக நிவாரணம் கோருவது என்பதும் கேள்வியாயிற்று.

இங்கு ஒரு மறுப்பு எழுப்பப்படலாம். படைவீரன் அரசின் ஊழியன். தோட்டத் தொழிலாளி கம்பனியின் ஊழியர். ஆகவே அரசுக்கு என்ன பொறுப்பு? இவ்வாதம் மேலோட்டமாகச் சரிபோலத் தோன்றினும் வரலாற்றுடன் பொருந்தாது. 1972 இலும் 1975 இலும் நிறைவேற்றப்பட்ட காணிச் சீர்திருத்தச் சட்டங்களின்படி பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 வரை இன்று ஓய்வு பெறும் வயதிலுள்ள தொழிலாளர் பலரின் தொழில்கொள்வோர் அரசேயாகும். இன்றும் காணியின் உரிமை அரசிடமே உள்ளது, கம்பனிகள் குத்தகைக்காரரே. நாட்டின் அந்நியச் செலாவணிக் கணக்கில் தேயிலைக்கு எந்த அரசும் நன்றி கூறத் தவறியதில்லை.

மேலும், அரச ஊழியரல்லாதோருக்கும் ஓய்வூதியம் வழங்க இயலும் என்பதை இலங்கை அரசே நிரூபித்துள்ளது. 1987 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டத்தினால் விவசாயிகளுக்கும், 1990 இல் மீனவர்களுக்கும் ஓய்வூதியத் திட்டங்கள் ஏற்படுத்தப்பட்டன. சொந்த வயலில் நெல் விதைக்கும் விவசாயி எவருடைய ஊழியருமல்லர். எனினும் நாட்டுக்குச் சோறு போடுபவர் என்பதற்காக அவருக்கு 60 வயதின் பின்னர் மாதாந்தக் கொடுப்பனவு உண்டு. நிதியம் வறண்டு 2012 இல் அது தடைப்பட்டபோது நாடெங்கும் குரல் எழுந்தது. பின்னர் 2014 இல் மீண்டும் வழங்கப்பட்டது. கொடுப்பனவு சிறிதாயினும் விவசாயி அதனைத் தன் உரிமையாகக் கேட்கிறார் என்பதே முக்கியம். தோட்டத் தொழிலாளிக்குச் சேமலாப நிதி இருக்கிறதே என்று கூறி அவரை அவ்வரிசையில் நிற்கவிடாமலிருப்பது, அவரது சொந்தச் சேமிப்பையே அரசின் கொடையாகக் காட்டுவதாகும்.

ஆயினும் ஓய்வூதியம் என்ற சொல்லைக் கேட்டதும் தொழிலாளர் ஐயுறுவதற்கும் காரணமுண்டு என்பதை நாம் மறைக்க விரும்பவில்லை. 2011 இல் தனியார் துறை ஊழியருக்கான ஓய்வூதியச் சட்டமூலம் கொண்டுவரப்பட்டபோது, தமது சம்பளத்திலிருந்து மேலும் கழிக்கப்படும், பணிக்கொடையிலும் கை வைக்கப்படும் என அஞ்சிய தொழிலாளர் கொதித்தெழுந்தனர். கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்தில் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் இளந்தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார், சட்டமூலமும் கைவிடப்பட்டது. 2023 இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் சேமலாப நிதியின் முறிகள் சேர்க்கப்பட்டபோதும் அதே அச்சம் எழுந்தது. ஆகவே தொழிலாளி ஏற்கனவே பெறும் மூன்று கொடுப்பனவுகளில் ஒரு சதத்தையும் தொடாது, அவற்றுக்கு மேலதிகமாக வழங்கப்படும் மாதாந்தத் தொகையே நாம் கூறுவது. அதற்கான பணம் தேயிலை ஏற்றுமதி வருமானத்திலிருந்தும் கம்பனிகள் அரசுக்குச் செலுத்தும் குத்தகைப் பணத்திலிருந்தும் ஒரு பங்காக வரலாம். பழைய 450 ரூபாக் கணக்கில் சென்றவர்களையும் அதற்கும் முன்னர் சென்றவர்களையும் முதலில் சேர்க்க வேண்டும். இன்னும் 10 ஆண்டுகள் காத்திருந்தால் சேர்ப்பதற்கு அவர்களில் பலர் இருக்கமாட்டார்கள்.

பணத்தைவிட முதலில் வேண்டியது பதிவேடாகும். உமர் அவர்களின் திவானைப் பற்றி மேலே குறிப்பிட்டோம். அதே கலீபாவைப் பற்றி, எட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த நீதிபதி அபூ யூசுப் தமது கிதாபுல் கராஜ் நூலில் ஒரு நிகழ்வைப் பதிவு செய்துள்ளார். முஸ்லிமல்லாத பார்வையிழந்த முதியவர் ஒருவர் வாசலில் நின்று இரந்ததைக் கண்ட உமர் அவர்கள், அவரைக் கையைப் பிடித்துத் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்று கொடுத்தனுப்பியதோடு, பொதுத் திறைசேரிப் பொறுப்பாளரை அழைத்து, இவரிடம் இளமையில் வரி பெற்றுவிட்டு முதுமையில் கைவிடுவது நீதியன்று என்ற கருத்துப்படக் கூறி, அவரைப் போன்றோர் அனைவருக்கும் கொடுப்பனவு வழங்குமாறு பணித்தார் என்கிறது அந்நூல். அம்முதியவர் படைவீரருமல்லர், அரச ஊழியருமல்லர் என்பது இங்கு நோக்கத்தக்கது.

இன்று ஓய்வு பெற்ற தோட்டத் தொழிலாளரின் பெயர்ப் பட்டியல் எந்த அமைச்சிடம் இருக்கிறது? சேமலாப நிதி தொழில் அமைச்சுக்கும் மத்திய வங்கிக்கும் உரியது. வீடும் லயமும் பெருந்தோட்ட மற்றும் சமூக உட்கட்டமைப்பு அமைச்சுக்கு உரியவை. அஸ்வெசும உதவியும் முதியோர் கொடுப்பனவும் வேறு அலுவலகங்களின் பொறுப்பு. தோட்ட வைத்தியசாலை ஓரிடத்தில் அரசினுடையது, இன்னோரிடத்தில் தோட்டத்தினுடையது. குளவி கொட்டி மாண்டவரின் குடும்பத்துக்குரிய இழப்பீடு 1934 ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் மற்றோர் அலுவலகத்தில் கோரப்பட வேண்டும். படைவீரனுக்கு ஒரே கதவு; இவருக்கு ஐந்தாறு கதவுகள், ஒவ்வொன்றும் வெவ்வேறு ஊரில். மேற்படி பெருந்தோட்ட அமைச்சின் கீழ் ஓய்வு பெற்றோருக்கென ஒரு பிரிவை அமைத்து, ஹட்டனிலும் நுவரெலியாவிலும் பதுளையிலும் தமிழில் எழுதவும் பேசவும் தெரிந்த உத்தியோகத்தர்களை அமர்த்தி, பெயர்த் திருத்தம் முதல் காணி உறுதி வரை ஒரே இடத்தில் முடித்துக் கொடுப்பதற்குப் புதிய சட்டம் கூடத் தேவையில்லை. வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு வரி போதுமானது.

2023 இல் மலையக மக்களின் 200 ஆண்டு வருகையை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடைபயணம் மேற்கொள்ளப்பட்டது. முன்னோர் நடந்துவந்த பாதையில் நடந்த அவர்களை நாடே பார்த்தது. அந்த முன்னோரின் பேத்திமார் பலர் அதே நாட்களில் 60 வயதைக் கடந்து, 2021 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் விதித்த குறைந்தபட்ச ஓய்வு வயதையும் கடந்து, மலையில்தான் இருந்தனர். பெயர் கழிக்கப்பட்ட பின்னரும் கூடையை மாட்டிக்கொண்டு கைக்காசுக்குக் கொழுந்து பறிக்கச் செல்லும் முதிய பெண்களை எத்தோட்டத்திலும் காணலாம். முழங்கால் வலிக்குச் சேலைத் துண்டைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, பெரட்டுக்களத்தில் பெயர் போடாமல், நேரே நிரைக்குச் செல்வார்கள். அவர்கள் பறிக்கும் கொழுந்துக்குப் பெரும்பாலும் சேமலாப நிதி கிடையாது. கிலோவுக்கு இவ்வளவு என்று அன்றன்றே கணக்கு முடிந்துவிடும்.